கடலில் போட்டாலும் அளந்து போடு

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. கொட்டுவது ஆற்றில்தானே என்று கணக்குப் பாராமல் இருந்துவிடாதே என்பது அதன் பொருள். கடல் என்றதும் நம்மில் பலர் இப்பழமொழியை மறந்துவிடுகிறோம். கடல் பெரிது, ஆகவே அதன் ஆற்றலும் எல்லா இடத்திலும் பெரிதாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். “தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரை இருக்கிறது. கடலின் ஏற்ற இறக்கத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் மின்வெட்டு என்ற சொல்லே அகராதியில் இராது” என்று கட்டுரைப் போட்டிகளிலும் பேச்சு மேடைகளிலும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தொடர்ந்து எழும் கைதட்டலையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கைதட்டலில் கலந்துகொள்ள என் மனம் இடம் தரவில்லை. அதற்கான காரணங்களை மாணவ நண்பர்களுக்கும், வணக்கத்திற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இயற்பியல் மாணவன். முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்தவன். ஓத மின்சாரத்தின் நன்மை தீமைகளைப் பொதுவாக எடைபோட்டு முடிவுக்கு வர முடியாது. எந்தக் கடல், எந்தக் கரை, எந்த மக்கள் என்று கேட்டபிறகே எடைபோட முடியும் என்பது என் கருத்து.

ஓதம் என்பது யாது?

நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்க்கின்றன. அதனால் கடல் மட்டம் உயர்வதும் தாழ்வதும் நிகழ்கிறது. இதையே ஓதம் என்கிறோம். நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் ஆகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவும் கதிரவனும் ஒரே கோட்டில் நின்று ஈர்ப்பதால் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே குறைவு.

எல்லாக் கடலுக்கும் அதே நிலவுதான். ஆயினும் எல்லாக் கரையிலும் ஓதம் ஒரே அளவாக இருப்பதில்லை. வாய் அகன்று உள்ளே செல்லச் செல்லக் குறுகும் புனல் போன்ற வளைகுடாக்களில் நீர் நெருக்குண்டு உயரும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள உயர வேறுபாடு 16 மீட்டர் வரை செல்கிறது. அஃதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்! நம் நாட்டில் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 11 மீட்டர் வரையிலும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர் வரையிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. நம் தூத்துக்குடியிலோ அமாவாசை, பௌர்ணமி நாட்களிற்கூட அது ஒரு மீட்டரை எட்டுவதில்லை. ஏறத்தாழ முக்கால் மீட்டர்தான்.

நன்மைகள்

முதலில் நன்மைகளைக் கூறுவதே முறை. ஓத மின்சாரத்தின் தலையாய நன்மை, அது வாக்குத் தவறாதது. காற்று நாளை வீசுமா என்று உறுதி கூற இயலாது. மழை பொய்த்தால் பாபநாசம் அணையும் பயன் தராது. ஆனால் அடுத்த ஆண்டு தைப்பொங்கலன்று கடல் எத்தனை மணிக்கு ஏறும், எவ்வளவு ஏறும் என்பதை இன்றே கணக்கிட்டுப் பட்டியல் அச்சிடலாம். துறைமுகங்களுக்காக அத்தகைய பட்டியல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன.

இரண்டாவது, இதற்கு எரிபொருள் வேண்டியதில்லை. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை, சாம்பல் இல்லை. அனல்மின் நிலையத்தின் நிழலில் வாழும் ஊரினராகிய நமக்கு இந்த நன்மையின் அருமையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒருமுறை கட்டினால் நெடுங்காலம் உழைக்கும். பிரான்சு நாட்டில் ரான்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் 1966-இல் திறக்கப்பட்ட ஓத மின்நிலையம் ஒன்று உண்டு. 24 டர்பைன்கள், மொத்தம் 240 மெகாவாட். கட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அது இயங்கி வருகிறது. அணையின் மேலே சாலை அமைத்ததனால் இரு கரை மக்களுக்கும் பாலமும் கிடைத்தது.

தென்கொரியாவின் சிஹ்வா ஏரியின் கதை இன்னும் சுவையானது. நன்னீர் தேக்கலாம் என்று கருதிக் கடலின் ஒரு பகுதியை 1994-இல் சுவர் வைத்து அடைத்தார்கள். ஆலைக் கழிவு சேர்ந்து அந்நீர் நாறிப்போயிற்று. மீண்டும் கடலை உள்ளே விட்டால்தான் நீர் தூய்மை பெறும் என்ற நிலை வந்தபோது, உள்ளே வரும் கடலையே டர்பைன் வழியாக விட்டார்கள். 2011-இல் 254 மெகாவாட் நிலையம் பிறந்தது. ஏற்கெனவே செய்த பிழையைத் திருத்தும் வழியில் மின்சாரமும் கிடைத்தது. இது பாராட்டத்தக்கதே.

தீமைகள்

இனி மறுபக்கம். ரான்ஸ் அணையைக் கட்டும்போது அந்தக் கழிமுகத்தை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கடலிலிருந்து துண்டித்து வைத்தார்கள். உவர்நீருக்குப் பழகிய உயிர்களுள் பெரும்பகுதி மாண்டது. அணை திறந்தபின் புதியதொரு சமநிலை உருவாக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அதுவும் பழைய நிலையன்று. சில மீன்கள் திரும்பி வரவில்லை, வண்டல் படிவதும் கூடிற்று.

கனடாவின் அனாபொலிஸ் ராயல் என்னுமிடத்தில் 1984-இல் 20 மெகாவாட் நிலையம் தொடங்கப்பெற்றது. மீன்கள் டர்பைனில் சிக்கி மடிகின்றன என்னும் கவலை அதைத் தொடர்ந்து வந்தது. 2019-இல் அந்நிலையம் நின்றது. உலகிலேயே உயரமான ஓதம் எழும் கடலில் கட்டியதற்கே இந்த நிலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலவும் சிறிதன்று. இந்தியாவில் ஓத ஆற்றலின் கோட்பாட்டு அளவு ஏறத்தாழ 12,455 மெகாவாட் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி குஜராத்தின் இரு வளைகுடாக்களைச் சார்ந்தது. அங்கேயும் என்ன ஆயிற்று? கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் நிலையம் அமைப்பதாக 2011-இல் அறிவித்தார்கள். வங்காளத்தின் சுந்தரவனத்தில் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் நிலையம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். இரண்டும் செலவு மிகுதி என்ற காரணத்தால் கைவிடப்பட்டன. எட்டு மீட்டர் ஓதம் உள்ள இடத்திலேயே கட்டுபடியாகாத ஒன்று, முக்கால் மீட்டர் உள்ள இடத்தில் எவ்வாறு கட்டுபடியாகும்?

இன்னொரு குறையும் உண்டு. ஓதம் நிலவின் கடிகாரப்படி நடப்பது. நம் கடிகாரப்படி அன்று. நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். நாம் விளக்கேற்றும் மாலைப் பொழுதில் கடல் ஏறியும் நிற்கும், வற்றியும் கிடக்கும்.

நம் கடலின் அளவு

மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடும் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். கணிதத்தைக் கண்டு அஞ்சும் கலைப் பிரிவு நண்பர்கள் இப்பகுதியைத் தாண்டிவிட வேண்டா. மிக எளிய கணக்குதான்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்த்தேக்கத்தைக் கடலோரத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கடல் ஏறும்போது நிரப்பி, வற்றியபின் திறந்துவிட்டால் கிடைக்கக்கூடிய ஆற்றல், ஓதத்தின் உயரத்தைப் பொறுத்தது. உயரத்தைப் பொறுத்தது மட்டுமன்று. உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. உயரம் பத்தில் ஒன்றானால் ஆற்றல் நூற்றில் ஒன்று.

8 மீட்டர் ஓதம் உள்ள கரையில் அத்தேக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டால் ஏறத்தாழ 89,000 யூனிட் ஆற்றல் வெளிப்படும். அதே தேக்கத்தை 0.7 மீட்டர் ஓதம் உள்ள நம் கரையில் வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 680 யூனிட். இரண்டு ஏற்றத்தையும் இரண்டு வற்றத்தையும் ஒன்றுவிடாமல் பயன்படுத்தினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 யூனிட். டர்பைனிலும் உராய்விலும் ஒரு துளியும் வீணாகாது என்ற நடவாத நிபந்தனையின் பேரில் இது.

நம் ஊர் அனல்மின் நிலையம் 1979 முதல் படிப்படியாக வளர்ந்து, 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக, 1,050 மெகாவாட் நிலையமாக நிறுவப்பெற்றது. அந்த நிறுவுதிறன் முழுவதும் ஒரு நாள் இயங்கினால் 2 கோடியே 52 லட்சம் யூனிட். இதை ஓதத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலை அடைக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் மொத்தப் பரப்பைப்போல் இது ஏறத்தாழ இருமடங்கு! மன்னார் வளைகுடாவை மூடி முத்திரையிட்டாலன்றி இது நடவாது.

“அணை வேண்டாம், ஓடும் நீரிலேயே காற்றாடி போன்ற டர்பைனை மூழ்க வைத்தால் போதுமே” என்று சிலர் கேட்கலாம். அறிவுடைய கேள்விதான். ஸ்காட்லாந்தின் வடகோடியில் அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஆற்றல் நீரோட்ட வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். ஓதம் தாழ்ந்த நம் திறந்த கடலில் அந்த வேகம் இல்லை. பாம்பன் கால்வாயில் நீர் விசையுடன் ஓடுவது உண்மையே. ஆனால் அது குறுகிய, ஆழமற்ற வழி. படகுகள் செல்லும் வழி. பவளப் பாறைகளின் அருகே உள்ள வழி.

இக்கணக்கைப் போட்டபின், நாட்டுப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் தாய்மாமாவிடம், நம் கடலில் ஏற்ற வற்றம் எவ்வளவு என்று கேட்டேன். “முழங்காலுக்கு மேல, இடுப்புக்குக் கீழதான் மருமவனே. நாங்க ஏத்தம் வத்தத்த விட நீவாட்டைத்தான் பாப்போம். வலை போற போக்கு அதுலதான இருக்கு” என்றார். நீவாடு என்பது கடலோட்டத்திற்கு அவர்கள் வழங்கும் பெயர். பாடநூலைப் பாராமலே அவர் கூறிய அளவும், நான் கணக்கிற்கு எடுத்துக்கொண்ட அளவும் ஒன்றாக இருந்தன.

குறைந்த ஓதம் தந்த கொடை

அப்படியானால் நம் கடல் வறிய கடலா? அன்று. மின்சாரத்திற்குக் குறையாகத் தோன்றும் இந்தத் தாழ்ந்த ஓதம், வேறு வகையில் நமக்கு வரமாக அமைந்தது.

காம்பே வளைகுடாவில் உள்ள பவநகர் துறைமுகத்தைப் பாருங்கள். கடல் வற்றும்போது கப்பல் தரைதட்டாமல் இருக்க, லாக் கேட் எனப்படும் பெருங்கதவுகளைப் போட்டு உள்ளே நீரைத் தேக்கிவைக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் அந்தக் கவலை எழவில்லை. வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, அவற்றின் அணைப்பில் துறைமுகத்தை அமைத்தார்கள். 1974-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 2011 முதல் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் பத்து மீட்டர் ஏறி இறங்கும் கடலாக இருந்திருந்தால் இத்துறைமுகத்தின் அமைப்பே வேறாக இருந்திருக்கும்.

முத்தின் கதையும் இக்கடலின் இயல்போடு பிணைந்ததே. கொற்கைக் காலம் தொட்டு இக்கரைக்குப் புகழ் தந்தவை கடலடியில் உள்ள பார்கள். முத்துச்சிப்பியின் குஞ்சு பிறந்தவுடன் பாரில் ஒட்டிக்கொள்வதில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிராய் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பிறகுதான் பாரில் இறங்கிப் பற்றுகிறது. நீரோட்டம் திசை மாறினால், அல்லது பாரின்மேல் மணல் மூடினால், அந்தத் தலைமுறை இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே இக்கரையில் இறுதியானவை. அதன்பின் வளமான விளைச்சல் திரும்பவில்லை. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நம் அருகிலுள்ள வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்து வெற்றி கண்டனர். அறிவியலின் அருஞ்செயல் அது. ஆனாலும் கடலின் பாரில் தானாக விளைந்தது திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருளன்று.

தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரை 21 தீவுகள் கண்ணிபோல் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளையும் கடற்புல் வெளிகளையும் காப்பதற்காக 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அத்தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டியெடுத்தது, தீவுகளின் அரணையே வெட்டியெடுத்ததாயிற்று. வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததால் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்க வேண்டியதாயிற்று. பாறையை வெட்டியவன் தீவைக் கரைக்கிறோம் என்று எண்ணியிருக்க மாட்டான். கடலில் ஓரிடத்தில் செய்வது வேறோரிடத்தில் விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இத்தகைய கடலில் சொற்ப மின்சாரத்திற்காகச் சுவர் எழுப்பலாம் என்று கூறுவதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

நம் கடலில் நடந்த சோதனைகள்

இவ்வாறு கூறுவதால், கடலிலிருந்து ஆற்றல் எடுக்கும் ஆராய்ச்சியே வேண்டா என்பவன் நான் என்று கருதிவிட வேண்டா. ஓதம் மட்டுமே கடலின் ஆற்றல் அன்று. அலை உண்டு, மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாடு உண்டு. இவ்விரண்டிற்குமான சோதனைகள் நம் தூத்துக்குடிக் கடலிலேயே நடந்திருக்கின்றன என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

கடலின் மேல்நீர் வெதுவெதுப்பானது. ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் குளிர்ந்தது. இந்த வேறுபாட்டைக் கொண்டு டர்பைனைச் சுழற்றலாம். 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தார், ‘சாகர் சக்தி’ என்ற மிதவைக் கலத்தில் 1 மெகாவாட் நிலையம் ஒன்றை அமைத்து, தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் சோதிக்க முயன்றனர். குளிர்நீரை மேலே கொணர ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் குழாய் வேண்டும். அந்தக் குழாயை இறக்கி நிறுத்தும் முயற்சி கைகூடவில்லை. மின்சாரம் கிடைக்கவில்லை. ஆனால் உழைப்பு வீண்போகவில்லை. அதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அந்நிறுவனத்தார் 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் அமைத்தனர். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். விளக்கேற்றப் போனவர்கள் தாகம் தீர்த்தார்கள்!

அலைக்கு வருவோம். 1991-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரின் முயற்சியால் கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் 150 கிலோவாட் அலைமின் நிலையம் எழுந்தது. அறைக்குள் அலை ஏறி இறங்க, உள்ளிருக்கும் காற்று டர்பைனைச் சுழற்றியது. சோதனை நிலையமாகப் பல ஆண்டுகள் பயன்பட்டுப் பின்னர் அது நின்றுபோயிற்று. அதே கழகத்தார் 2022 நவம்பரில் ‘சிந்துஜா-1’ என்னும் கருவியைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், 20 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மிதக்கவிட்டுச் சோதித்தனர். நடுவே நிற்கும் ஒரு தூண். அதைச் சுற்றி அலையோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை. அந்த ஏற்ற இறக்கமே மின்சாரமாகிறது. கிடைத்த மின்சாரம் 100 வாட்.

நூறு வாட் என்றால் பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு. கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. நடுக்கடலில் வானிலைக் கருவிக்கும், வழிகாட்டும் மிதவை விளக்கிற்கும் கம்பி இழுத்து மின்சாரம் தர இயலாது. அங்கே இத்தகைய கருவி பெரும் பயன் தரும். கடலை அடைக்காமல், மீனின் வழியை மறிக்காமல், சோதித்துப் பார்த்துத் தேவையில்லையெனில் எடுத்துவிடக்கூடியது அது. பத்தாயிரம் கோடியில் சுவர் கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவதை விட நூறு வாட்டில் பாடம் கற்பது நன்றன்றோ!

மேலும், வெயிலும் காற்றும் நமக்குக் குறைவா? நம் உப்பளத் தொழிலாளி கடும் வெயிலிலும் கச்சான் காற்றிலும் நின்று, கதிரவனின் ஆற்றலைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவித்து வருகிறார். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் எழுந்ததும் நம் முள்ளக்காட்டில்தான். இயற்கை நமக்கு எதை மிகுதியாகத் தந்திருக்கிறதோ அதை முதலில் பயன்படுத்துவதே முறை.

மூன்று கேள்விகள்

இந்த வாதம் ஓத மின்சாரத்தோடு முடிவதன்று. 2024 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, குஜராத்துக் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளைக் கடலுக்குள்ளேயே அமைப்பதற்கான நிதியுதவிக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பொருத்தமெனக் கருதப்படும் பகுதிகளில் மன்னார் வளைகுடா முதன்மையானது. தொழில் செய்யும் இடம் போய்விடுமோ என்ற அச்சம் மீனவர்களிடையே எழுந்திருக்கிறது. காற்று இங்கே உண்மையிலேயே மிகுதி. எனவே ஓதத்தைத் தள்ளியதுபோல் இதை ஒரு கணக்கில் தள்ளிவிட முடியாது. ஆயினும் எந்தத் திட்டமாயினும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பேன்.

முதலாவது, அந்த ஆற்றல் இந்த இடத்தில் உண்மையாகவே இருக்கிறதா? நாட்டின் மொத்தக் கணக்கைக் காட்டி ஊரின் கணக்கை மறைக்கக் கூடாது.

இரண்டாவது, அதை எடுக்கும்போது எது நிற்கும், எது சாகும்? மீனின் வழி, சிப்பிக் குஞ்சின் வழி, மணலின் வழி, படகின் வழி ஆகிய நான்கையும் வரைபடத்தில் குறித்த பின்னரே கம்பத்தையோ சுவரையோ குறிக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம் யாருக்கு, இழப்பு யாருக்கு? அனல்மின் நிலையத்தின் மின்சாரம் கம்பி வழியே எங்கெங்கோ சென்றது. சாம்பல் இங்கேயே தங்கியது. நாட்டுக்கு ஒளி தந்த ஊர் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமைக்குரிய விலையை ஒரே ஊர், ஒரே தொழிலினர் மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டும் என்பது நீதியாகாது. முடிவெடுக்கும் மேசையில் பொறியாளர் அமர்வது போலவே சங்கு குளிப்பவரும் நாட்டுப்படகுக்காரரும் அமர வேண்டும். எல்லாம் முடிந்த பின் கருத்துக் கேட்பதற்காக அல்ல. எங்கே எது இருக்கிறது என்று கற்றுக்கொள்வதற்காக.

நாம் செய்யக்கூடியது

பிறர் செய்ய வேண்டியதை மட்டும் கூறிவிட்டுப் பேனாவை மூடுவது மாணவர்க்கு அழகன்று. எனவே நம் கல்லூரியின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன்.

துறைமுகத்தாரிடம் முறைப்படி இசைவு பெற்று, அலை அடிக்காத ஓர் இடத்தில் அளவுகோல் குறித்த மரக்கம்பம் ஒன்றை நடுவோம். இயற்பியல் துறை மாணவர்கள் முறைவைத்து ஏற்றத்தையும் வற்றத்தையும் ஓராண்டுக் காலம் குறித்து வரட்டும். அச்சிட்ட பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், காற்றும் பருவமும் கடல் மட்டத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்பது நமக்கே விளங்கும். விலங்கியல் மாணவர்கள் சந்தைக்கு வரும் மீன் வகைகளை அமாவாசை, அஷ்டமி வாரியாகக் குறிக்கட்டும். தமிழ்த்துறை நண்பர்களுக்குத்தான் பெரிய பணி இருக்கிறது. நீவாடு, கச்சான், வாடை, கொண்டல், பார் என்று கடற்கரையார் நாவில் உலவும் சொற்களைப் பொருளோடு திரட்ட வேண்டும். முத்துக்குளித்ததை நேரில் கண்ட முதியோர் மிகச் சிலரே இருக்கின்றனர். 1961-இல் சிறுவராயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். நாம் தாமதித்தால், எந்தப் பார் எங்கே இருந்தது என்று கரையிலிருந்து அடையாளம் காட்டிக் கூறும் அறிவு அவர்களோடு போய்விடும்.

செலவு ஒரு கம்பம், சில குறிப்பேடுகள், பேருந்துக் கட்டணம். இத்திட்டத்தில் சேர விரும்பும் நண்பர்கள் எந்தத் துறையினராயினும், கல்லூரி திறந்த முதல் வாரத்தில் இயற்பியல் ஆய்வகத்தில் பெயர் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு மலரில் இதே பொருள் பற்றி எழுதுபவர், எங்கோ படித்ததை எழுதாமல், நாம் அளந்ததை எழுதட்டும்.